பழைய கணினியில் எது பழையதாகிறது?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதையொட்டி ஏராளமான வீட்டுக் கணினிகளில் ஒரே அறிவிப்பு தோன்றியது: இந்தக் கணினி விண்டோஸ் 11-க்கான தேவைகளை நிறைவு செய்யவில்லை. கணினி ஏற்கெனவே மெதுவாக இயங்கிக்கொண்டிருந்தால், இந்த அறிவிப்பைப் பார்ப்பவர் அதன் காலம் முடிந்துவிட்டது என்றே நினைப்பார்.

அது பெரும்பாலும் அவசர முடிவு. கணினி மெதுவாவது ஒரு சிக்கல், இயங்குதளத்துக்கு ஆதரவு முடிவது வேறொரு சிக்கல். இரண்டுக்கும் காரணங்கள் வேறு, தீர்வுகளும் வேறு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய கணினிகள் மூலைக்குப் போகின்றன. அதே குழப்பத்தால், உண்மையிலேயே ஆபத்தான நிலையில் இருக்கும் கணினிகள் தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கின்றன.

## கணினி ஏன் மெதுவாகிறது?

செயலி (பிராசசர்) என்பது சிலிக்கானில் செதுக்கிய மின்சுற்று. குளிர்ச்சி குறையாமல் இருந்தால், பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு நொடியில் செய்த கணக்குகளை இன்றும் அதே நொடியில் செய்யும். அது தேய்ந்து மெதுவாவதில்லை. அப்படியிருந்தும் மந்தம் ஏற்படுகிறது என்றால் காரணம் கீழுள்ளவற்றில் ஒன்றாக இருக்கும்.

1. செய்ய வேண்டிய வேலை கூடிவிட்டது. இணையப் பக்கங்களும் மென்பொருள்களும் முன்பைவிடப் பல மடங்கு பெருத்துவிட்டன. கணினி திறந்ததுமே தாமாக இயங்கத் தொடங்கும் மென்பொருள்களின் வரிசையும் நீண்டுவிட்டது.
2. தரவு வந்துசேரும் வழி குறுகலாக இருக்கிறது. செயலி சும்மா காத்திருக்கிறது, வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) திணறுகிறது.
3. நினைவகம் (ரேம்) போதவில்லை.
4. தூசியாலும் காய்ந்துபோன வெப்பப் பசையாலும் சூடு ஏறுகிறது. தன்னைக் காத்துக்கொள்ளச் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது.
5. ஏதோ ஒரு பாகம் பழுதாகிக்கொண்டிருக்கிறது.

ஐந்தில் எது என்று தெரியாமல் பணம் செலவழிப்பது காய்ச்சலுக்குக் காரணம் அறியாமல் மருந்து வாங்குவதைப் போன்றது. கண்டறிவதற்கோ செலவே இல்லை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறும் வேளையில் அதில் செயலி, நினைவகம், வட்டு ஆகிய மூன்றுக்கும் காட்டப்படும் விழுக்காட்டைப் பாருங்கள். வட்டு 100 விழுக்காட்டில் நின்று செயலி 10 விழுக்காட்டில் இருந்தால், புதிய செயலி வாங்கியும் பயனில்லை. நினைவகம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது அதைத்தான். செயலியே முழு விழுக்காட்டில் இருந்தால், அதைப் பிடித்து வைத்திருக்கும் மென்பொருளின் பெயரும் அந்தப் பட்டியலிலேயே இருக்கும்.

## எதையும் தொடும் முன் ஒரு நகல்

கணினியைத் திறப்பதற்கும் எதையும் மாற்றுவதற்கும் முன், இழக்கக்கூடாத கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்துவிடுங்கள். நிழற்படங்கள், ஆவணங்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் இதில் அடங்கும். நகல் அதே கணினிக்குள் இன்னொரு கோப்புறையில் இருந்தால் அது நகல் ஆகாது. வட்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்துகொள்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. அந்தப் பட்டியலில் இரண்டு எண்களை மட்டும் கவனித்தால் போதும். ஒன்று, பழுதானதால் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. மற்றொன்று, படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டும் பூஜ்யமாக இருப்பது நல்லது. இவை வாரத்துக்கு வாரம் கூடினால் வட்டு இறந்துகொண்டிருக்கிறது. அந்த நிலையில் வட்டைச் சரிபார்க்கும் மென்பொருளை மணிக்கணக்கில் ஓட்டுவது தவறு. எஞ்சியிருக்கும் உயிரை அதுவே குடித்துவிடும். முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

## வன்தட்டு: குறுகலான அந்த வழி

பழைய வீட்டுக் கணினியில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால், சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி எனப்படும் திடநிலை வட்டைப் பொருத்துவதே அந்த மாற்றமாக இருக்க வேண்டும். காரணத்தை எண்களாலேயே விளக்கலாம்.

மேசைக் கணினியின் வன்தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்கிறது. நொடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. தேடும் தரவு படிப்பு முனைக்கு நேரே வர, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 4 மில்லிநொடி. அதற்கு முன்பே முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு ஏறத்தாழ 9 மில்லிநொடி. ஆக, சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு துண்டையும் எடுக்க 13 மில்லிநொடி ஆகிறது. ஒரு நொடியில் எழுபத்தைந்து துண்டுகளுக்கு மேல் எடுக்க முடிவதில்லை.

எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. அதே துண்டை எடுக்க 0.1 மில்லிநொடிதான் ஆகும், பலவற்றில் அதைவிடக் குறைவு. கணினி தொடங்கும்போது இருபதாயிரம் சிறு துண்டுகளைப் படிக்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வன்தட்டுக்கு அது நான்கு நிமிடத்துக்கும் மேற்பட்ட வேலை. எஸ்எஸ்டிக்கோ இரண்டு நொடி. விளம்பரங்கள் நொடிக்கு இத்தனை மெகாபைட் என்று பெரிய எண்ணைக் காட்டுகின்றன. அன்றாடப் பயன்பாட்டில் நாம் உணரும் வேறுபாடோ இந்தக் காத்திருப்பு நேரத்தில்தான் இருக்கிறது.

இதனால்தான், தாய்ப்பலகை (மதர்போர்டு) பழையது, அதில் வட்டை இணைக்கும் சாட்டா இரண்டாம் தலைமுறை இணைப்புதான் இருக்கிறது, எஸ்எஸ்டி போட்டால் வீண் என்று சொல்லப்படுவதை நம்ப வேண்டியதில்லை. அந்த இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 300 மெகாபைட், மூன்றாம் தலைமுறையில் 600. பெரிய கோப்பை நகலெடுக்கும்போது பாதி வேகம் போகும் என்பது உண்மைதான். காத்திருப்பு நேரம் 13 மில்லிநொடியிலிருந்து 0.1-க்கு இறங்குவதை அந்த இணைப்பு தடுப்பதில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது வடிவத்தை. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஏறத்தாழ எல்லாப் பழைய கணினிகளிலும் பொருந்தும். எம்.2 எனப்படும் சிறு பட்டை வடிவத்தில் குழப்பம் உண்டு. எம்.2 என்பது பொருந்தும் இடத்தின் பெயர் மட்டுமே. அதற்குள் சாட்டா வகையும் இருக்கிறது, என்விஎம்இ வகையும் இருக்கிறது. ஒரு வகைக்கென அமைந்த இடத்தில் மற்றொன்று இயங்காமல் போகலாம். என்விஎம்இ வட்டைப் பொருத்தினாலும் அதிலிருந்து இயங்குதளத்தைத் தொடங்கப் பல பழைய தாய்ப்பலகைகளுக்குத் தெரியாது. தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்க்காமல் எம்.2 வாங்கக் கூடாது.

பழைய வட்டில் இருப்பதை அப்படியே படியெடுக்கலாம், அல்லது இயங்குதளத்தைப் புதிதாக நிறுவலாம். ஆண்டுக்கணக்கில் குப்பை சேர்ந்திருந்தால் புதிதாக நிறுவுவதே நல்லது. விண்டோஸ் 10-இன் எண்ணிம உரிமம் தாய்ப்பலகையோடு பிணைந்தது, வட்டை மாற்றுவதால் அது போய்விடாது. பொருத்திய பிறகு, பழைய பழக்கத்தில் துண்டு சேர்ப்பு (டிஃப்ராக்) மென்பொருளை ஓட்ட வேண்டாம். எஸ்எஸ்டியில் துண்டுகள் சிதறியிருப்பதால் வேகம் குறைவதில்லை. தேவையற்ற எழுத்துதான் கூடும். எஸ்எஸ்டிக்கு வேண்டியது டிரிம் என்ற வேறொரு வேலை, அதை விண்டோஸ் தானே செய்துகொள்கிறது.

## நினைவகம்

நினைவகம் நிரம்பிவிட்டால் கணினி நின்றுவிடுவதில்லை. அப்போதைக்குப் பயன்படாதவற்றை வட்டுக்கு ஒதுக்கிவைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. வன்தட்டுள்ள கணினியில் இந்த ஒவ்வொரு போக்குவரத்தும் மேலே சொன்ன 13 மில்லிநொடிக் கணக்கில்தான் நடக்கும். அதனால்தான் ஒரு உலாவித் தாவலிலிருந்து இன்னொன்றுக்குப் போகவே கணினி மூச்சு வாங்குகிறது.

4 ஜிபி நினைவகம் இன்றைய இணையத்துக்குப் போதாது. 8 ஜிபி இருந்தால் எழுத்து வேலை, மின்னஞ்சல், காணொளி எல்லாம் தடையின்றி நடக்கும். 16 ஜிபிக்கு மேல் பழைய கணினிக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. கூட்டும் முன் பார்க்க வேண்டியவை:

1. இயங்குதளம் 32 பிட் வகையா, 64 பிட் வகையா? 32 பிட் முகவரியால் சுட்டக்கூடிய இடங்கள் 4,29,49,67,296. அதாவது 4 ஜிபி. அதிலும் ஒரு பகுதியைப் பிற பாகங்கள் எடுத்துக்கொள்ளும். 32 பிட் விண்டோஸை வைத்துக்கொண்டு 8 ஜிபி போட்டால் பாதிக்கு மேல் வீண். செயலி 64 பிட் வகையாக இருந்தால் முதலில் இயங்குதளத்தை மாற்ற வேண்டும்.
2. எந்தத் தலைமுறை? மேசைக் கணினியின் டிடிஆர்3 பட்டையில் 240 ஊசிகள், டிடிஆர்4 பட்டையில் 288. வெட்டுப் பள்ளம் இருக்கும் இடமும் வேறு, ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. மடிக்கணினியில் டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட் என்ற வேறுபாடும் முக்கியம். பின்னதை மட்டுமே ஏற்கும் கணினியில் முன்னது இயங்காது.
3. தாய்ப்பலகை எவ்வளவு வரை ஏற்கும்? மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே கூட்ட வழியே இல்லை.

ஒரே அளவுள்ள இரண்டு பட்டைகளை உரிய இடங்களில் பொருத்தினால் இரு தடங்களிலும் தரவு ஓடும். செயலியோடு சேர்ந்த வரைகலைப் பகுதி நினைவகத்தைப் பகிர்ந்துகொள்வதால், இதன் பலன் அங்கேதான் நன்றாகத் தெரியும்.

## செயலி தடையாகும் இடம்

செயலியைக் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கு ஒரு விதிவிலக்கு காணொளி. இணையக் காணொளிகள் சுருக்கப்பட்ட வடிவில் வருகின்றன. 2003-இல் வந்த எச்.264 வடிவத்தை விரிக்கப் பழைய கணினிகளில்கூடத் தனி மின்சுற்று இருக்கிறது. பின்னால் வந்த விபி9, 2018-இல் வந்த ஏவி1 ஆகியவற்றுக்கு அவற்றில் அந்த வசதி இல்லை. இன்டெல் செயலிகளில் விபி9-க்கான முழு வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. தனிச் சுற்று இல்லாதபோது முழு வேலையும் செயலியின் தலையில் விழுகிறது. மின்விசிறி இரைகிறது, படம் விட்டு விட்டு ஓடுகிறது. காணொளியின் தெளிவை 720-க்கோ 480-க்கோ குறைத்தால் பெரும்பாலும் தீரும். எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் உலாவி நீட்சிகளும் உண்டு.

## வெப்பம், தூசி, மின்கலம்

செயலியின் வெப்பம் 90 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது தன் வேகத்தைத் தானே வெட்டிக்கொள்ளும். அதையும் மீறிச் சூடானால் கணினியே அணைந்துவிடும். தொடங்கும்போது நன்றாக இருந்து, இருபது நிமிடம் கழித்து மந்தமாகும் கணினியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, வெப்பத்தகட்டின் இடுக்குகளில் படிந்த தூசியைத் தூரிகையாலும் காற்றாலும் நீக்கலாம். காற்றடிக்கும்போது மின்விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதன் தாங்கி கெடும். செயலிக்கும் வெப்பத்தகட்டுக்கும் நடுவே உள்ள பசை ஆண்டுகள் செல்லச் செல்லக் காய்ந்துவிடுகிறது. பழையதைத் துடைத்தெடுத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதிய பசை வைத்தால் போதும். நிறைய அப்பினால் குளிர்ச்சி கூடாது.

மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. அதற்குள் இருக்கும் மின்தேக்கிகள் இணைப்பைத் துண்டித்த பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். மடிக்கணினியின் மின்கலம் உப்பியிருந்தாலும் அப்படியே. அழுத்தவோ குத்தவோ கூடாது, உடனே பயன்பாட்டை நிறுத்தி உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

தாய்ப்பலகையில் நாணயம் போன்ற சிறு மின்கலம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் வகை. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது இதுதான். இது தீர்ந்துபோனால் ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றும் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. தவறான தேதியை வைத்து உலாவி அவற்றைச் சரிபார்ப்பதால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் எச்சரிக்கை வரும். நச்சு நிரல் புகுந்துவிட்டது என்று அஞ்சி இயங்குதளத்தையே அழித்து நிறுவுபவர்கள் உண்டு. மாற்ற வேண்டியிருந்தது ஒரு சிறு மின்கலத்தை.

## ஆதரவு முடிவு என்றால் என்ன?

இனி இரண்டாவது சிக்கல். ஆதரவு முடிந்த இயங்குதளம் மறுநாளும் முன்போலவே ஓடும். நின்றுபோவது பாதுகாப்புத் திருத்தங்கள். இயங்குதளத்தின் நிரலில் ஓட்டைகள் தொடர்ந்து கண்டுபிடிக்கப்படுகின்றன. ஆதரவு உள்ளவரை அவை அடைக்கப்படுகின்றன. ஆதரவு முடிந்த பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டை திறந்தே கிடக்கும்.

நச்சுநிரல் தடுப்பு இருக்கிறதே, கண்ட இணைப்பையும் சொடுக்குவதில்லையே என்று கேட்கலாம். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற நச்சுநிரல் இதற்கு விடை. அதற்கு எந்தச் சொடுக்கும் தேவைப்படவில்லை. விண்டோஸின் கோப்புப் பகிர்வு நிரலில் இருந்த ஓட்டை வழியே கணினியிலிருந்து கணினிக்குத் தானே தாவியது. அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சில் வெளியாகியிருந்தது. திருத்தத்தை நிறுவிய கணினிகளுக்குள் அந்த வழியே அதனால் நுழைய முடியவில்லை. தடுப்பு மென்பொருள் வாசலில் நிற்கும் காவலர் மாதிரி, பாதுகாப்புத் திருத்தமோ சுவரில் விழுந்த ஓட்டையை அடைக்கும் கொத்தனார் வேலை. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

ஆபத்து ஒரே நாளில் வருவதில்லை, படிப்படியாகக் கூடுகிறது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. குரோம் உலாவி 2023 தொடக்கம் வரை அதற்குப் புதிய பதிப்புகளைத் தந்து பிறகு நிறுத்திக்கொண்டது. உலாவியும் கைவிட்ட கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது சரியல்ல. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு, பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அதற்குக் கணினியில் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும்.

## விண்டோஸ் 11 மறுப்பது எதனால்?

மறுப்பில் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்தறியாமல் கணினியைக் கைவிடக் கூடாது.

1. அமைப்பு அணைந்திருப்பதால் வரும் மறுப்பு. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறைக் கேட்கிறது. மறைகுறியாக்கத் திறவுகோல்களைப் பூட்டி வைக்கும் பெட்டகம் என்று அதைச் சொல்லலாம். பல கணினிகளில் இது செயலிக்குள்ளேயே இருக்கிறது, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கணினிகளில் பிடிடி, ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேட வேண்டும். இயக்கிவிட்டால் மறுப்பு நீங்கிவிடும்.
2. செயலியால் வரும் மறுப்பு. சில விதிவிலக்குகள் போக, 2017-இல் வெளிவந்த இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகள் ஏற்கப்படும் செயலிகளின் பட்டியலில் இல்லை. இதற்கு முறையான தீர்வு கிடையாது. சோதனையைத் தாண்டி நிறுவும் குறுக்கு வழிகள் உண்டு. அப்படி நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்ற உறுதியை மைக்ரோசாப்ட் தருவதில்லை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2 என்ற செயலிக் கட்டளைத் தொகுதி கட்டாயமானதால், இன்டெல் கோர் 2 செயலி காலத்துக் கணினிகளுக்கு அந்தக் குறுக்கு வழியும் அடைபட்டுவிட்டது.

பயாஸில் கைவைக்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புத் திறவுகோலை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டிபிஎம் அமைப்பை மாற்றியதும் கணினி அதைக் கேட்கக்கூடும். வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், முதலில் ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல், பயாஸின் புதிய வடிவமான யுஇஎஃப்ஐ முறைக்குத் தாவினால் கணினி தொடங்காது.

## லினக்ஸ் என்ற வழி

செயலியால் மறுக்கப்பட்ட கணினிக்கு எனக்குத் தெரிந்த நேர்மையான வழி லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்றவற்றை ஒரு பென் டிரைவில் ஏற்றி, வட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி எல்லாம் இயங்குகின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும். உலாவி, அலுவலகக் கோப்புகள், காணொளி ஆகியவற்றுக்கு மேல் தேவை இல்லாதவர்கள் சில நாட்களில் பழகிவிடுவார்கள். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருளையோ வரைகலை மென்பொருளையோ நம்பியிருப்பவர்கள் முதலில் அதற்கு மாற்று உண்டா என்று பார்க்க வேண்டும். 32 பிட் செயலிகளுக்கு இங்கும் கதவு சாத்தப்பட்டு வருகிறது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13-ஆம் பதிப்பு, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைத் தரவில்லை.

## எப்போது நிறுத்துவது?

செயலி 32 பிட் வகை, போதாத நினைவகத்தைக் கூட்ட வழியில்லை, தாய்ப்பலகையில் மின்தேக்கிகள் உப்பியிருக்கின்றன, எந்த மாற்றமும் செய்யாமலே கணினி அடிக்கடி உறைந்துபோகிறது. இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் மேற்கொண்டு செலவு செய்ய வேண்டாம். தாய்ப்பலகையோடு செயலியையும் நினைவகத்தையும் சேர்த்து மாற்ற வேண்டிய நிலை வந்தால், அது ஏறத்தாழப் புதுக் கணினிதான். எஸ்எஸ்டி மட்டும் வீணாகாது, அடுத்த கணினிக்கும் உடன் வரும்.

கழற்றிய வன்தட்டு நலமாக இருந்தால், யுஎஸ்பி உறைக்குள் போட்டு நகல் வைக்கும் வட்டாகப் பயன்படுத்தலாம். பிறரிடம் கொடுப்பதாக இருந்தால் கோப்புகளை நீக்குவது மட்டும் போதாது, விரைவு வடிவமைப்பும் போதாது. இரண்டும் பெயர்ப்பட்டியலைத்தான் அழிக்கின்றன, கோப்புகள் அப்படியே கிடக்கின்றன. வட்டு முழுவதையும் ஒருமுறை மேலெழுதி நிரப்பிய பிறகே அதைக் கைமாற்றுங்கள்.